பழைய கோர்வைப் பட்டில் பஃப் கை ரவிக்கை

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஓரிக்கையில் ஜாக்கெட் என்று சொன்னால் குளிருக்குப் போடும் மேலங்கி யாருக்கும் நினைவுக்கு வராது. சேலைக்குப் போடும் ரவிக்கைதான் இங்கே ஜாக்கெட். ‘ஜாக்கெட் பிட்’, ‘அளவு ஜாக்கெட் கொண்டு வாங்க’ என்றுதான் பேச்சு. இந்த அத்தியாயத்தில் நாம் தைக்கப்போவதும் அதைத்தான். ஆனால் பாட்டிமார் போட்ட பாணியில். சாவித்திரி, பத்மினி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்: தோளில் உப்பி நின்று, கையில் இறுக்கமான பட்டையோடு முடியும் பஃப் கை. நம்முடையதில் அந்தப் பட்டை, பழைய காஞ்சிபுரம் பட்டின் கரையாக இருக்கும். கழுத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் போடும் பூவேலை. துணி கடையில் வாங்கப்போவதில்லை. மடிப்பு மடிப்பாக இற்றுப்போய், கட்டவும் முடியாமல் தூக்கிப் போடவும் மனம் வராமல் பீரோவில் கிடக்கிறதே அம்மாவின் கல்யாணச் சேலை, அதிலிருந்து எடுக்கப்போகிறோம்.

அந்தச் சேலைக்கு இப்போது இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, ‘பழைய பட்டுப் புடவை வாங்குறது’ என்று தெருவில் குரல் கொடுத்து வருபவரிடம் எடைக்குப் போடுவது. அவர்கள் சேலையை எரித்து ஜரிகையில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். பழைய ஜரிகையில் வெள்ளி அதிகம் என்பதால்தான் இந்தத் தேடல். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது சொல்லப்பட்ட ஜரிகையில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம். பிறகு வெள்ளி விலை ஏற ஏறக் கலவையை மாற்றி, கூட்டுறவுச் சங்கச் சேலைகளுக்கு வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 என்று ஆக்கினார்கள். இன்னொரு வழி, நல்ல பகுதியை வெட்டியெடுத்து மறுபடி உடம்பில் போட்டுக்கொள்வது. எடைக்குப் போடுவது என்று முடிவெடுத்தவர்களிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒன்றேகால் மீட்டரை மட்டுமாவது எடுத்து வைத்துக்கொண்டு மீதியைப் போடுங்கள்.

வேலைக்குள் போகுமுன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரி கற்றுக்கொண்ட புதிதில் என் பெரியம்மாவின் அரக்குப் பட்டில் ஒரு ஜாக்கெட் தைத்தேன். அரக்கு உடம்பு, பச்சைக் கரை, நடுவே கோபுர முனைகள். கற்ற வித்தை அத்தனையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் கரை முழுவதும் முத்து, சமிக்கி, குந்தன் கல் என்று ஒரு இடம் விடாமல் நிரப்பினேன். எட்டு நாள் வேலை. எங்கள் தெருவில் நாற்பது வருடமாகத் தறியில் உட்காரும் பெரியவர் ஒருவரிடம் பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையைப் புரட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, இது கோர்வைப் பட்டாச்சே. கோர்வை எங்க?”

“உள்ள இருக்கு பெரியப்பா. மேல வேலை போட்டிருக்கேன்.”

“அத நெய்யும்போது ஓரத்துல ஒரு புள்ள உக்காந்து ஒவ்வொரு இழைக்கும் கை குடுத்திருக்கும்மா. அது தெரியலன்னா அப்புறம் எதுக்குப் பட்டு? சாதாத் துணி மேலயே இதெல்லாம் போட்டிருக்கலாமே.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கே அந்த முத்துகளைப் பிரிக்க உட்கார்ந்தேன். பிரித்த இடமெல்லாம் ஊசித் துளை. இற்ற பட்டு துளைகளின் வரிசையிலேயே கிழிந்துவிட்டது. அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்று உண்டு, இந்த அத்தியாயம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது: தறி நெய்த இடத்தில் ஊசி போகக் கூடாது. கரை தறிக்குச் சொந்தம். வெற்று உடம்புதான் ஊசிக்கு.

கோர்வை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் இதன் நியாயம் புரியும். உடம்பு ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம் என்று நெய்ய மூன்று நாடா வேண்டும். உடம்பின் ஊடை இழை கரைக்குள் போகாது. கரையின் ஊடை உடம்புக்குள் வராது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பைக் கையால் செய்து கொடுக்க நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். சேலையின் பின்பக்கத்தைத் திருப்பி, அந்தக் கோட்டின் மேல் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். சின்னப் பல்வரிசைபோல் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரிவதைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும்.

துணியைப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்கு எதிரே சேலையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு பாருங்கள். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் இறும். வெளிச்சம் கீற்றாக ஊடுருவும் இடத்தை விட்டுவிடுங்கள். தரையில் உரசிய கொசுவத்தின் கீழ்க் கரையும் பெரும்பாலும் பிசிறிப் போயிருக்கும். உள்சுற்றில், மடிப்புக்கும் மடிப்புக்கும் இடைப்பட்ட பகுதிகளில்தான் நல்ல துணி கிடைக்கும். இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்துப் பட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ‘சர்’ரென்று இழை பிரிந்தால் அந்த இடம் தையலைத் தாங்காது.

அது அசல் பட்டுதானா என்ற சந்தேகம் இருந்தால் ஓரத்து இழை ஒன்றை உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டு, முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலால் தொட்டால் தூளாகும் சாம்பலைத் தரும். உருகிக் கெட்டியாக முத்துப்போல் நின்றால் அது செயற்கை இழை. ஜரிகைக்கு இன்னொரு சோதனை. ஓர் இழையை நகத்தால் சுரண்டுங்கள். மேல்பூச்சு போனதும் வெள்ளை பளிச்சிட்டு, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அது பழைய நல்ல ஜரிகை. செம்பு நிறம் தெரிந்தால் விலை குறைந்த ஜரிகை. எதுவாயிருந்தாலும் தைக்கலாம். ஆனால் முதல் வகைக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதை வேறாக இருக்கும்.

எடுத்த பகுதியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்து உலர்த்துங்கள். சாயம் இறங்கினால் கவலை வேண்டாம், வெட்டுவதற்கு முன் இறங்கியது நல்லதுதான். பிறகு உள்பக்கத்திலிருந்து, மேலே வெள்ளை வேட்டித் துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரி. ஜரிகை மேல் நேரடியாகச் சூடு பட வேண்டாம். லைனிங்குக்கு 1 மீட்டர் மெல்லிய காட்டன் எடுத்து ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையில் லைனிங் சுருங்கிப் பட்டை இழுக்கும். அக்குளில் கிழியும் ஜாக்கெட்டுகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

சேலையில் வெட்ட மனம் வரவில்லையென்றால், பெட்டியில் அப்படியே கிடக்கும் பழைய ஜாக்கெட் பிட் போதும். சேலையோடு சேர்ந்து நெய்த பிட் 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலம் நீளம் இருக்கும். அகலம் சுமார் 48 அங்குலம். இரண்டு பக்கமும் ஒரே கரையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பெரிய கரை, மறுபக்கம் சின்னக் கரை என்றிருந்தால் இரண்டு கைக்கும் ஒரே பட்டை வராது. அப்போது சேலையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

அளவும் காகித வெட்டும்

மார்பு 36 அங்குலம், தோள் 14, உயரம் 14½, கீழ்ச் சுற்று 30, கைப்பட்டை வரும் இடத்தில் சுற்று 11½ என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உங்கள் அளவைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முதலில் செய்தித்தாளில் வெட்டி, பழைய காட்டன் சேலையில் ஒருமுறை தைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பட்டில் தப்பு நேர்ந்தால் மாற்றுத் துணி கிடையாது.

பின்பாகம்: காகிதத்தை மடித்து, மடிப்பிலிருந்து மார்பின் கால் பங்கு 9 அங்குலம், தையலுக்கு 1½, ஆக 10½. தோளுக்கு 7. அக்குள் ஆழம் 7. கழுத்து அகலம் மார்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 3 அங்குலம். பழைய பாணியில் பின்கழுத்து ஏற்றமாக இருக்கும், 3 அங்குல ஆழமே போதும். இப்போதைய எட்டு, ஒன்பது அங்குலப் பின்கழுத்தும் முடிச்சுக் கயிறும் வேறு கதை. பஃப் கைக்கு அது பொருந்தாது. மேலே உப்பிய கையின் கனத்தைப் பிடித்துக்கொள்ள முதுகில் துணி வேண்டும், இல்லாவிட்டால் தோள் வழுக்கி இறங்கும்.

முன்பாகம்: அதே அளவோடு ஊக்கு வரும் பக்கம் 1 அங்குலம் கூட்டி 11½. முன்கழுத்து 5½ ஆழம், வட்டம். கீழே 2½ அங்குலத்துக்குத் தனிப் பட்டி. மூன்று டாட்: கீழ்ப் பட்டியிலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, அக்குள் வளைவிலிருந்து ஒன்று. மூன்றின் நுனியும் மார்பு முனையைத் தொடாமல் ஒரு அங்குலம் முன்னாலேயே நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் கூராக நிற்கும்.

இந்தப் பாணியின் உயிர் கையில்தான் இருக்கிறது, அங்கே நிதானமாக நிற்போம்.

கோர்வைக்கு மேலே கால் அங்குலம்

பஃப் கைக்கான வழக்கமான வழி இது. சாதாரணக் கையின் காகிதத்தை நீளவாக்கில் நாலைந்து கீற்றாக வெட்டி, மேல்பக்கம் மட்டும் விசிறிபோல் விரித்து, அந்த வடிவத்தில் துணியை வெட்டுவார்கள். சாதாத் துணிக்கு அது சரி. கரையுள்ள பட்டுக்குச் சரிவராது. விசிறியாக விரித்தால் கையின் கீழ்விளிம்பு வளைந்துவிடும், கரையோ நேர்கோடு. வளைவில் வெட்டினால் கோபுரங்கள் ஒரு பக்கம் முழுசாகவும் ஒரு பக்கம் அரைகுறையாகவும் நிற்கும். கரையையே சுருக்கி உப்ப வைக்கலாம் என்றால், ஜரிகைக்கு அந்த வளைவு இல்லை. அட்டைபோல் விறைத்து நின்று கையைக் குத்தும்.

ஆகவே கையை இரண்டு துண்டாகப் பாருங்கள். மேலே சுருக்கு வைத்த வெற்றுப் பட்டு, கீழே நேராக நிற்கும் கரைப் பட்டை. மேல் துண்டுக்குக் கீற்றுகளை மேலும் கீழும் ஒரே சீராகப் பிரித்து வையுங்கள், மொத்தம் 5 அங்குலம் கூடட்டும். கையின் உச்சி வளைவை 1½ அங்குலம் உயர்த்துங்கள். தையல் ஓரமெல்லாம் சேர்த்துத் துண்டு 21 அங்குல அகலம், 8 அங்குல உயரம் வரும். பட்டைக்கு 11½ கைச்சுற்று, தையலுக்கு 2, ஆக 13½ அங்குல நீளம்.

இப்போது எங்கே வெட்டுவது? கரையை உடம்பிலிருந்து பிரிக்கும்போது கோர்வைக் கோட்டின் மேலேயே கத்தரியை ஓட்டிவிடாதீர்கள். கொக்கி போட்டு நிற்கும் இழைகள் அவிழ்ந்து கரை ஓரம் முழுவதும் பஞ்சாகிவிடும். கரை வழவழப்பாக நேர்கோட்டில் முடிந்தால் கோர்வைக்கு மேல் கால் அங்குலம் உடம்புத் துணி வெளியே தெரியும்படி தையல் கோடு போடுங்கள். அதற்கும் மேல் அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். கோபுரக் கரை என்றால் கோர்வையிலிருந்து அளக்கக் கூடாது. மிக உயரமான கோபுர முனையிலிருந்து கால் அங்குலம் மேலே தையல் கோடு. அந்தக் கால் அங்குலம்தான் முக்கியம். அது இருந்தால் சுருக்கு முடிந்த இடத்துக்குக் கீழே உடம்பு நிறம் ஒரு கீற்றாகத் தெரிந்து, அதற்குள் கோபுரங்கள் ஏறி நிற்கும். கோர்வை கையில் பிழைத்திருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் 3 அங்குலக் கரை வரைக்கும்தான். கரை 5, 6 அங்குலம் என்றால் பஃப் வைக்காதீர்கள். முழங்கை வரை நேர்க் கை வைத்து, கரை முழுவதையும் அப்படியே காட்டுங்கள். 1930-களின் பிற்பகுதியில் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவில் நெசவுப் பிரிவு தொடங்கிப் பழைய அகலக் கரைகளை மறுபடி நெய்ய வைத்தார். அந்த மாதிரிச் சேலை உங்களிடம் இருந்தால் அதன் அழகு அகலத்தில்தான் இருக்கிறது. சுருக்கு வைத்து அதோடு போட்டி போட வேண்டாம்.

48 அங்குல அகலத்தில் இதெல்லாம் எப்படி அடங்கும் என்று பார்த்துவிடுவோம். இரண்டு ஓரத்திலும் 3 அங்குலக் கரை. அதை ஒட்டி உள்பக்கம் இரண்டு கைத்துண்டும் தலைக்கு 8 அங்குலம். நடுவே 26 அங்குலம் மிஞ்சும். அதில் பின்பாகமும் இரண்டு முன்பாகமும் மேலும் கீழுமாக உட்கார்ந்துவிடும். கைத்துண்டுக்குப் பக்கத்தில் மிஞ்சும் சதுரங்களில் பட்டிகள். கரையில் மிஞ்சுவதை வீசிவிடாதீர்கள்.

ஆரிச் சட்டம்

வெட்டுவதற்கு முன்பே வேலைப்பாடு முடிய வேண்டும். துண்டாக வெட்டிய பட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் குறுக்குவாட்டில் நீண்டு வடிவம் கெடும். ஆகவே காகித வெட்டுகளை முழுத் துணியின் மேல் வைத்து, வெள்ளை நூலால் நீள ஓட்டுத் தையலில் உருவங்களை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். சாக்குக் கோடு நான்கு நாளில் அழிந்துவிடும், நூல் கோடு நிற்கும். பழைய பட்டின் அடியில், வேலை வரும் இடத்தில் மட்டும், மெல்லிய மல் துணியை வைத்து ஓட்டிக்கொள்ளுங்கள். ஊசி இழுக்கும்போது பாரம் பட்டின் மேல் விழாமல் மல் துணியின் மேல் விழும். என் பெரியம்மாவின் பட்டுக்கு நான் செய்யத் தவறியது இதுவும்தான்.

சட்டத்தில் பட்டை நேரடியாக ஆணி அடிக்கவோ கட்டவோ கூடாது. நாலு பக்கமும் காடாத் துணிப் பட்டைகளைத் தைத்து, அந்தக் காடாவைச் சட்டத்தோடு கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்கள். விரலால் சுண்டினால் தப்புபோல் ‘டப்’பென்று ஒலிக்க வேண்டும். தொய்வாக இருந்தால் ஆரி ஊசி துணியையும் சேர்த்துத் தூக்கும்.

ஆரி நம் ஊரில் பிறந்த வேலையல்ல. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தைத்த மோச்சி சமூகத்தார், செருப்புக்குப் போட்ட கொக்கி ஊசியைப் பட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குக் காஞ்சிபுரத்திலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் வீட்டுத் திண்ணைகளில் சட்டம் நிற்கிறது. கல்யாண மாதங்களில் ராத்திரி பதினொரு மணிக்கும் அங்கே விளக்கு எரியும்.

ஊசியின் மரக் கைப்பிடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். கொக்கியின் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக ஸ்க்ரூ வரும்படி ஊசியைப் பொருத்துங்கள். துணிக்குள் போனபின் கொக்கி கண்ணுக்குத் தெரியாது, ஸ்க்ரூவைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அறிய வேண்டும். வலக்கையில் ஊசி மேலே, இடக்கையில் நூல் கீழே. ஊசியைச் செங்குத்தாக இறக்குங்கள். கீழே இடக்கை நூலைக் கொக்கியில் மாட்டும். ஊசியை அரைவட்டம் திருப்பி, துளையின் ஓரத்தை லேசாக ஒரு பக்கம் தள்ளியபடி மேலே எடுங்கள். நூல் வளையமாக மேலே வரும். அந்த வளையத்துக்குள்ளேயே ஒரு நெல் அளவு தள்ளி அடுத்த இறக்கம். முதல் இரண்டு நாள் கொக்கி பட்டு இழையில் மாட்டிக்கொண்டே இருக்கும். சாதாக் காட்டனில் ஒரு வாரம் பழகிவிட்டுப் பட்டுக்கு வாருங்கள். வரிசை முடியும் இடத்தில் ஒரு தையல் பின்னோக்கிப் போட்டு நூலை அடியில் முடிச்சிடுங்கள். சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால், ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் வரிசை மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

என்ன வரைவது? கையில் இருக்கும் கரையைத்தான் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் தறியில் ஒவ்வோர் உருவத்துக்கும் பெயர் உண்டு. ருத்ராட்சம், மயில்கண், குயில்கண், அன்னப்பட்சி, இருதலைப்பட்சி, யாளி, தாழம்பூ ரேக்கு, மல்லி மொட்டு, பவுன், வைர ஊசி. உங்கள் கரையில் என்ன இருக்கிறதோ அதிலிருந்து மிகச் சிறிய ஒன்றை மட்டும் எடுத்துக் கழுத்துக்குக் கொண்டுபோங்கள். கரையில் ருத்ராட்சம் இருந்தால் கழுத்தைச் சுற்றி ஒரே வரிசை ருத்ராட்சம். மயில்கண் இருந்தால் முதுகின் நடுவே மூன்றே மூன்று கண். ஜரிகை வேலை என்று ஒரேயடியாகத் தங்க நூலையே போடாதீர்கள். கரையின் நிறத்தில் பட்டு நூல் எடுத்து வரைந்து, உள்ளே ஒரு கோடு மட்டும் ஜரிகை. புதிய ஜரிகை நூல் பழைய கரைக்குப் பக்கத்தில் கண்ணைப் பறிக்கும், பழையது மங்கிப்போனதுபோல் தோன்றும். முத்தும் கல்லும் வேண்டுமென்றால் ஒரு வரிசை, அதுவும் கழுத்துப் பக்கம் மட்டும். சுருக்கு வரும் கையுச்சியில் எதையும் வைக்காதீர்கள்.

படத்தைத் துணிக்கு மாற்ற, பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் நெருக்கமாக ஊசியால் குத்திக்கொள்ளுங்கள். ஆரிக்காரர்கள் வெள்ளைப் பவுடரை மண்ணெண்ணெயில் கரைத்து அந்தத் துளைகளின் மேல் தேய்ப்பார்கள். புதுப் பட்டுக்கு அது நல்ல வழி. பழைய பட்டில் எண்ணெய்க் கறை நின்றுவிட்டால் எடுக்க முடியாது. சாக்குத் தூளை மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி ஒற்றி எடுங்கள். புள்ளிக் கோலம்போல் வெள்ளைப் புள்ளிகள் விழும். ஒரு நாளில் செய்யக்கூடிய அளவுக்கு மட்டும் ஒற்றி, அன்றன்றைக்கு முடியுங்கள்.

கழுத்துத் தையல் கோட்டிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளித்தான் வேலை தொடங்க வேண்டும். பைப்பிங் வைக்கவும், மெஷினின் கால் நகரவும் அந்த இடம் வேண்டும். முத்தின் மேல் மெஷின் ஊசி இறங்கினால் ஊசியும் போகும், முத்தும் தெறிக்கும். நெருக்கமான இடத்தில் ஜிப் தைக்கும் ஒற்றைப் பக்கக் காலை மாட்டிக்கொள்ளுங்கள்.

தைப்பது

சட்டத்திலிருந்து எடுத்த துணியை ஒரு நாள் தளர்வாக விரித்து வையுங்கள். இழுப்பிலிருந்து மீண்டு பட்டு தன் அளவுக்கு வரும். அதன்பின் காகிதத்தை நூல் கோட்டின் மேல் மறுபடி வைத்துச் சரிபார்த்து வெட்டுங்கள். வெட்டிய உடனே ஒவ்வொரு துண்டையும் அதன் லைனிங்கோடு சுற்றிலும் ஓட்டிவிடுங்கள். பட்டின் வெட்டு ஓரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிசிறும்.

மெஷினில் 11-ஆம் எண் புது ஊசி. கரை மடிந்து ஜரிகை இரண்டு, மூன்று அடுக்காக வரும் இடத்தில் மட்டும் 14. முனை மழுங்கிய ஊசி ஜரிகையைக் குத்தாமல் இழுக்கும், கரையில் கோடு கோடாகச் சுருக்கம் விழும். டாட் பிடிப்பது, தோள் சேர்ப்பது, கழுத்துக்குக் குறுக்குவாட்டில் வெட்டிய துணியில் பைப்பிங் வைப்பது எல்லாம் மற்ற ஜாக்கெட்டுக்குச் செய்வதுதான். முந்தைய அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு அதை மறுபடி சொல்லத் தேவையில்லை.

கைக்கு வருவோம். மேல் துண்டின் உச்சியில், நடுவிலிருந்து இரு பக்கமும் 4 அங்குலம் வரை மட்டும், நீளத் தையலில் கால் அங்குல இடைவெளிக்கு இரண்டு வரி ஓட்டுங்கள். இரண்டு வரியின் அடிநூலையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்தால் சுருக்கு சீராக விழும். ஒரு வரி மட்டும் ஓட்டினால் சுருக்கு குப்பலாக ஒரே இடத்தில் கூடும். அக்குள் பக்கம் சுருக்கே வேண்டாம், வியர்வையும் உராய்வும் அங்கேதான். கீழ்விளிம்பை முழு நீளத்துக்கும் சுருக்கி, பட்டையின் அளவுக்குக் கொண்டுவந்து, முதலில் கையால் ஓட்டி, பிறகு மெஷினில் அடியுங்கள். கோபுர முனைகள் தையலுக்குள் மாட்டாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வோர் அங்குலத்துக்கும் நிறுத்திப் பாருங்கள். லைனிங்கைச் சுருக்காமல் சாதாக் கை அளவில் வெட்டி உள்ளே கொடுத்தால், அதன் மேல் பட்டு உப்பி நிற்கும். பழைய ஜாக்கெட்டுகளில் நெட் துணி வைத்துத் தூக்குவார்கள். இந்தப் பட்டுக்கு அது வேண்டாம், அதன் விறைப்பே போதும்.

பட்டையின் கீழ் ஓரத்தில் துணியின் சொந்த ஓரமே இருக்கும், அதை மடிக்க வேண்டாம். உள்ளே மெல்லிய காட்டன் நாடாவைக் கைத்தையலில் பிடித்துவிடுங்கள். ஜரிகை தோலில் குத்தாது. விருப்பமிருந்தால் ஓரத்தில் கால் அங்குல லேஸ் வைக்கலாம். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி உள்ளூர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துத் தொடங்கிய லேஸ் பின்னல், பிற்காலத்தில் நம் பக்கத்து ரவிக்கைகளின் கையோரம் வரை வந்தது. வெள்ளையாக வேண்டாம், டீத்தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் ஊக்கு, எதிரே நூலால் கட்டிய வளையம். அவசரத்துக்கு உலோக வளையம் வாங்கி வைத்தால் அது பட்டை அறுக்கும்.

போட்டபின் வியர்வை உலரும்வரை காற்றில் விரித்துவிட்டுத்தான் மடிக்க வேண்டும். சென்ட், ஈரம், ஜரிகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நாப்தலின் உருண்டை மூன்றும் கரையைக் கறுக்க வைக்கும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். உள்பட்டியில் சேலை யாருடையது, எந்த வருடக் கல்யாணம் என்று இரண்டு வார்த்தை நூலால் எழுதிவிடுங்கள்.

இந்த முறையில் தைத்த முதல் ஜாக்கெட்டையும் அதே பெரியவரிடம் கொண்டுபோனேன். மழைக்காலம். குழித்தறியில் தண்ணீர் ஊறியிருந்ததால் வேலை நின்று, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் இருந்த ஆரி வேலையை அவர் பார்க்கவேயில்லை. கையை மட்டும் உள்பக்கம் புரட்டி, கோபுர முனைக்குக் கீழே கட்டைவிரலை ஓட்டினார்.

“கோர்வை போட்ட புள்ளைக்குச் சின்னக் கையி. இழுப்பு பாத்தியா, எவ்ளோ நைசா இருக்கு” என்றார். உள்ளே குரல் கொடுத்து வீட்டம்மாவையும் வரச் சொன்னார்.